ரொட்டி அடுப்பு வேண்டாத சாக்லேட் பிஸ்கட்

பிஸ்கட் செய்வதற்கு ரொட்டி அடுப்பு இன்றியமையாதது என்பது பொதுவான எண்ணம். நாற்புறமும் ஒரே சீராக வெப்பம் தாக்கும்படி அமைந்த அத்தகைய அடுப்பு நம் கிராமத்து இல்லங்களில் இருப்பதில்லை. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அதைப்பற்றிப் பேசவே வேண்டுவதில்லை. ஆனால் மாவைச் சுடாமலே, ஒரு பாத்திரத்தில் பாகு காய்ச்சி, அதில் தானியத்தைக் கலந்து, ஆறவைத்து எடுக்கும் ஒரு வகைச் சாக்லேட் பிஸ்கட் அமெரிக்க இல்லங்களில் நெடுநாளாக வழக்கத்திலிருந்து வருகிறது. ஓட்ஸ், கோகோத் தூள், நிலக்கடலை விழுது ஆகியவை இதற்கு வேண்டிய பொருள்கள். பெயர்தான் பிஸ்கட்டே தவிர, செய்முறையை உற்று நோக்கினால் இது நம் கடலை உருண்டைக்கு உடன்பிறப்பு என்பது விளங்கும்.

நிலக்கடலையும் வெல்லமும் விளையும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் கள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இப்பண்டம் இரு வகையில் பயன்படக்கூடியது. சிறார் விரும்பி உண்ணும் ஒரு சிற்றுண்டியை உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே செய்ய இயலும் என்பது ஒன்று. கரைசல், கொதிநிலை, ஸ்படிகம் முதலிய பாடங்களை ஒரே பாத்திரத்தில் காட்டிவிடலாம் என்பது மற்றொன்று.

முதலில் மூலச் செய்முறையைக் காண்போம். சர்க்கரை 400 கிராம், பால் 120 மில்லிலிட்டர், வெண்ணெய் 115 கிராம், கோகோத் தூள் 25 கிராம் ஆகியவற்றை அடிகனமான பாத்திரத்தில் இட்டு, கிளறிக்கொண்டே சூடேற்றுகின்றனர். மேற்பரப்பு முழுவதும் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் சரியாக ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி, நிலக்கடலை விழுது 125 கிராமும் ஓட்ஸ் 270 கிராமும் சேர்த்துக் கலக்கி, தட்டின்மீது கரண்டி கரண்டியாக இடுகின்றனர். அரை மணி நேரத்தில் அவை இறுகிவிடுகின்றன. வேலை இவ்வளவே. ஆயினும் இதே அளவில் இதே பொருள்களைக் கொண்டு செய்த இருவரில் ஒருவருக்குப் பண்டம் இறுகாமல் கூழாகவே நின்றுவிடுவதும், மற்றவருக்கு உதிர்ந்து பொடியாகிவிடுவதும் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் நிகழ்வது என்ன என்பதை அறிந்தால் இந்தப் பேதத்தின் காரணம் தெளிவாகும்.

பாகின் பதம்

தூய நீர் கடல் மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. அதில் சர்க்கரை கரைந்திருப்பின் கொதிநிலை உயரும். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிப் போவதால் எஞ்சிய பாகின் செறிவு மிகுகிறது. செறிவு மிக மிகக் கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே பாகின் உஷ்ணநிலையைக் கண்டால் அதில் மிச்சமுள்ள நீரின் அளவைக் கண்டதாகும். சர்க்கரைப் பாகு 112 டிகிரியை எட்டும்போது அதன் நூறு பங்கில் ஏறத்தாழ 80 பங்கு சர்க்கரை; 116 டிகிரியில் ஏறத்தாழ 85 பங்கு. 150 டிகிரியை நெருங்கும்போது நீர் அநேகமாக முற்றிலும் நீங்கி, ஆறியபின் கண்ணாடிபோல் நொறுங்கும் நிலை ஏற்படுகிறது.

இவ்வளவையும் உஷ்ணமானி இல்லாமலே நம் முன்னோர் விரல் நுனியால் அளந்துவந்தனர். இரு விரலுக்கிடையே நூலாக நீள்வது கம்பிப் பதம். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் திரண்டு விரலுக்கு மெத்தென்று உருள்வது உருட்டுப் பதம். தட்டினால் ஓசை எழும்பும்படி இறுகுவது கெட்டிப் பதம். தமிழில் பாகு என்றும் தெலுங்கில் பாகம் என்றும் வழங்கும் இந்த அறிவு அரிசி மாவைப் பாகில் கலக்கும் அதிரசத்திலும், பொரி உருண்டையிலும், எள்ளுருண்டையிலும் ஒன்றேதான். அமெரிக்கச் செய்முறையின் ஒரு நிமிடக் கொதி பாகை 110 டிகிரிக்கு அருகே கொண்டுசெல்லும் ஒரு குறுக்கு வழி. எரிவாயு அடுப்பில், ஒரே பாத்திரத்தில், ஒரே அளவில் செய்வோருக்கு அக்கணக்கு ஓரளவு பொருந்தும். விறகு அடுப்பில் கடிகாரத்தை நம்புவது வீண். நீரில் சொட்டு விட்டுப் பார்ப்பதே நம்பத்தக்கது.

வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளை நன்கு அறிந்த கள ஊழியர்க்கு இச்சோதனை புதிதன்று. சித்தூர்ப் பகுதியில் கரும்புச் சாற்றைப் பெரிய கொப்பரையில் இட்டுச் சுண்ணாம்பு சேர்த்து, அழுக்கை நுரையாக வழித்தெடுத்து, சுண்டக் காய்ச்சிய பின், கொப்பரையை எப்போது இறக்குவது என்பதை முடிவுசெய்பவர் பாகில் சிறிதை நீரில் விட்டு உருட்டித்தான் பார்க்கிறார். அவர் இறக்கும் உஷ்ணநிலை 116 முதல் 120 டிகிரி வரை இருக்கும். வீட்டில் உருண்டைக்குப் பாகு காய்ச்சும் பெண்மணியும் அதே எல்லைக்குள்தான் அடுப்பை அணைக்கிறார்.

இடத்தின் உயரமும் இதில் ஒரு விஷயம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் நீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது. திருப்பதி நகரில் வித்தியாசம் அரை டிகிரியளவே. பலமநேரி மேட்டுநிலத்தில் இரண்டு டிகிரிக்கும் சற்று மேல். திருமலையின்மீது ஏறத்தாழ மூன்று டிகிரி. எனவே உஷ்ணமானி வைத்திருப்போர், அச்சிட்ட எண்ணை அப்படியே பின்பற்றாமல், முதலில் தம் ஊரில் நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்பதைப் பார்த்து, நூறிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவைப் பாகின் எண்ணிலும் கழித்துக்கொள்ளவேண்டும். நீர்ச் சொட்டுச் சோதனைக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை; அது செறிவை நேரே காட்டுகிறது.

ஓட்ஸுக்கு மாற்று அவல்

சுடாத பண்டத்தில் தானியம் எப்படி வேகிறது என்று மாணவர் கேட்கக்கூடும். வேகுவதில்லை என்பதே விடை. அது முன்னரே வெந்தது. கடையில் விற்கும் ஓட்ஸ், உமி நீக்கி நீராவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே நசுக்கித் தட்டையாக்கப்பட்டது. அதனால்தான் சூடான பாகின் ஈரத்தை உறிஞ்சியே அது மென்மையடைகிறது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டும் அவலும் தத்துவத்தில் இதுவேயன்றி வேறில்லை. ஓட்ஸ் நம் நாட்டில் வட மாநிலங்களில் பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவே பயிராகிறது. சித்தூர் மாவட்டத்துச் சிற்றூரில் அதைத் தேடி அலைவதைவிட அவலைக் கொள்வதே அறிவுடைமை. வெறும் வாணலியில் மொரமொரப்பாக வறுத்துக் கையால் நொறுக்கிய அவல், ஓட்ஸின் இடத்தைக் குறைவின்றி நிரப்புகிறது. கேழ்வரகு மாவையும் ஒரு பங்கு சேர்க்கலாம். ஆனால் அது பச்சை மாவாதலால், மணம் எழும்பும்வரை வறுத்த பின்னரே சேர்த்தல் வேண்டும்.

வெண்ணெயைப் பற்றி ஒரு சொல். மூலச் செய்முறையில் பண்டம் இறுகுவதற்குச் சர்க்கரை நுண்ணிய ஸ்படிகங்களாக உறைவது ஒரு காரணம். வெண்ணெய் ஆறிக் கெட்டியாவது மற்றொரு காரணம். வெண்ணெய்க் கொழுப்பும் கோகோக் கொழுப்பும் 35 டிகிரியை நெருங்கும்போதே உருகிவிடும். திருப்பதியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமாதலால், குளிர் நாட்டவரின் அளவுப்படி வெண்ணெய் சேர்த்த பண்டம் நண்பகலில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே வெண்ணெயைக் குறைத்து, இறுக்கும் பொறுப்பைப் பாகிடமே ஒப்படைத்தல் நலம். பாகை 110 டிகிரியில் இறக்காமல் 116 வரை கொண்டுசெல்வதன் காரணம் இதுவே.

சர்க்கரைக்குப் பதில் வெல்லத்தை எடுத்தால் பாலை விட்டுவிடவேண்டும். வெல்லம் சற்றே புளிப்புத் தன்மை உடையது. அதிலுள்ள உப்புகளும் சேர்ந்து, கொதிக்கும் பாலைத் திரித்துவிடும். பாயசத்தில் வெல்லத்தைக் கடைசியில், ஆறவைத்துச் சேர்ப்பது இதனால்தான். வெல்லத்தினால் ஓர் அனுகூலமும் உண்டு. அதில் சாதாரணச் சர்க்கரையோடு, அது சிதைந்து உண்டாகும் குளுக்கோஸும் பிரக்டோஸும் கலந்திருக்கின்றன. இவை சர்க்கரை பெரிய ஸ்படிகங்களாகத் திரள்வதைத் தடுப்பதால் பண்டம் நறநறவென்றிராமல் வழவழப்பாக அமைகிறது. ஆனால் இவையே காற்றின் ஈரத்தையும் ஈர்ப்பவை. பளிச்சென்ற மஞ்சள் நிற வெல்லத்தை விரும்பி வாங்கும் வழக்கம் கைவிடத்தக்கது. அந்நிறம் பெரும்பாலும் கந்தகம் சேர்ந்த ரசாயன உப்புகளால் வெளுக்கப்பட்டதன் அடையாளம். பழுப்பு வெல்லமே இதற்கு ஏற்றது. கோகோவின் கருநிறத்தில் அதன் நிறம் எப்படியும் மறைந்துவிடும்!

இவ்வாறு மாற்றியமைத்த உள்ளூர் அளவு பின்வருமாறு: வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 250 கிராம், வறுத்து நொறுக்கிய அவல் 150 கிராம், வெல்லம் 250 கிராம், கோகோத் தூள் 20 கிராம், நெய் இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, விரும்பினால் ஏலக்காய். கடலையில் 100 கிராமைச் சூடு ஆறுமுன்பே மிக்ஸியிலோ உரலிலோ எண்ணெய் கசியும்வரை அரைத்து விழுதாக்கவேண்டும். மிச்சத்தைக் கொரகொரப்பாக இடித்துக்கொள்ளவேண்டும். வெல்லத்தை 75 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வடிகட்டி மண்ணை நீக்கி, மீண்டும் அடுப்பேற்றி உருட்டுப் பதம் வந்ததும் இறக்கவேண்டும். கோகோத் தூளை நெய்யில் குழைத்து முதலில் சேர்த்து, பின்னர் கடலை விழுது, கடலைத் தூள், அவல் என்ற முறையில் விரைந்து கலக்கவேண்டும். தூளாகவே கோகோவை இட்டால் கட்டிகட்டியாக நின்றுவிடும். நெய் தடவிய தட்டில் கரண்டியால் இட்டுத் தட்டையாக அழுத்தினால் 25 கிராம் எடையில் ஏறத்தாழ 27 பிஸ்கட்டுகள் கிடைக்கும். கலவை கூழாக இருப்பின் பதம் போதவில்லை என்று பொருள். மேலும் அவல் தூவிக் காப்பாற்றலாம். உதிர்ந்தால் பதம் மீறியது. ஒரு கரண்டி வெந்நீர் தெளித்து இளஞ்சூட்டில் கிளறினால் மீளும்.

கோகோவும் இன்று வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று. ஆந்திரப் பிரதேசத்தின் கோதாவரிப் பகுதியில் தென்னந்தோப்புகளிலும் எண்ணெய்ப் பனைத் தோப்புகளிலும் ஊடுபயிராகக் கோகோ பெருமளவில் பயிராகிறது.

கடலையைப் பொறுக்குதல்

செய்முறையில் மிக முக்கியமான பகுதி அடுப்பை மூட்டுவதற்கு முன்னரே நிகழ்வது. அது கடலையைப் பொறுக்கும் வேலை.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் திரள்திரளாக மாண்டன. இறந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல். நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. அவற்றின் தீவனத்தில் சேர்ந்திருந்த, பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. அப்பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் வளர்ந்து ஒரு நச்சுப்பொருளை உண்டாக்கியிருந்தது. பூசணத்தின் பெயரைச் சுருக்கி அந்நச்சுக்கு அப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். கல்லீரலைத் தாக்கும் இது, சிறிது சிறிதாக நெடுநாள் உட்சென்றால் கல்லீரல் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. நம் நாட்டிலும் 1974-இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் சில பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேர் நோயுற்றனர்; அவர்களுள் 106 பேர் இறந்தனர். அதனை ஆராய்ந்தது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918-இல் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கி, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் அது.

இப்பூசணம் கடலையைக் களஞ்சியத்தில் மட்டுமன்றி நிலத்திலேயே பற்றக்கூடும். மானாவாரிச் செம்மண் நிலங்களில் காய் முற்றும் தறுவாயில் மழை பொய்த்தால், வாடிய செடியின் காய்களில் பூசணம் எளிதில் புகுகிறது. சித்தூர் மாவட்டத்து விவசாயி மழையை நம்பி விதைப்பவராதலால் இது அவருக்கு ஆண்டுதோறும் உள்ள அபாயம். பறித்த காயைச் சரியாக உலர்த்தாமல் குவித்து வைப்பதும், அறுவடைக்குப்பின் மழையில் நனைவதும், மூட்டையை ஈரத் தரையில் அடுக்குவதும் அபாயத்தைப் பெருக்குகின்றன. காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை உலர்த்துவது பழைய வழக்கம். அது அறிவுக்கு ஒத்ததே.

வறுத்தால் நஞ்சு போய்விடும் என்று பலர் கருதுகின்றனர். இது தவறு. வறுப்பதால் பூசணம் அழியலாம். நச்சுப்பொருளின் ஒரு பகுதியே சிதைகிறது. பாகின் சூடும் அதை ஒழிக்காது. ஆகவே பொறுக்கி விலக்குவதொன்றே வீட்டில் கைக்கொள்ளத்தக்க வழி. சுருங்கியவை, கறுத்தவை, பச்சை அல்லது மஞ்சள் பொடி படர்ந்தவை, பூச்சி அரித்தவை, உடைந்து நிறம் மாறியவை ஆகிய அனைத்தையும் நீக்கவேண்டும். தோலோடு நல்லதாகத் தோன்றும் பருப்பு, தோல் நீங்கியபின் உள்ளே பழுத்து மங்கியிருப்பதைக் காணலாம். தோல் நீக்குவது வெறும் அழகுக்காக அன்று என்பது இதனால் விளங்கும். வாயிலிட்டபோது கசக்கும் கடலையை உடனே துப்பிவிடும்படி சிறாருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். விலக்கிய பருப்பைக் கோழிக்கோ மாட்டுக்கோ இடுதல் கூடாது. பசு உண்ட நஞ்சின் ஒரு பகுதி பாலில் வெளிப்பட்டு மறுபடியும் குழந்தையிடமே வந்துசேரும். எண்ணெய் ஆட்டுவதற்கென்று ஒதுக்கி வைப்பதும் ஏற்கத்தக்கதன்று. மலிவாகக் கிடைக்கிறதென்று உடைசல் கடலையை வாங்கிச் சிறாருக்குப் பண்டம் செய்வது சிக்கனம் அன்று.

உணவு மதிப்பு

மேற்கண்ட அளவில் செய்த பிஸ்கட் ஒன்றில் ஏறத்தாழ 110 கலோரியும் இரண்டரை கிராம் புரதமும் உள்ளன. புரதத்தில் பெரும்பகுதி கடலை தருவது. கேழ்வரகு சேர்த்தால் சுண்ணாம்புச் சத்து மிகும். 100 கிராம் கேழ்வரகில் அது 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. 2020 ஜனவரியில் ஆந்திரப் பிரதேச அரசு பள்ளி மதிய உணவுப் பட்டியலைத் திருத்தியபோது முட்டையோடு கடலை மிட்டாயைச் சேர்த்ததும், 2023 மார்ச்சில் வெல்லமிட்ட கேழ்வரகுக் கஞ்சியைச் சேர்த்ததும் இத்தகைய கணக்கை ஒட்டியே.

ஆயினும் வெல்லத்தைப்பற்றி அளவுக்கு மீறிய நம்பிக்கை பரவியிருப்பதைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவிகிதத்தினர் ரத்தசோகை உடையவர்கள். வெல்லத்தில் இரும்புச் சத்து சிறிது உண்டு. ஆனால் அதைக்கொண்டு இச்சோகையைப் போக்க முயன்றால், இரும்பைவிடப் பன்மடங்கு சர்க்கரைதான் உட்செல்லும். கடலையிலும் கேழ்வரகிலும் உள்ள பைடேட் என்னும் பொருள் இரும்பு உடலில் சேர்வதை ஓரளவு தடுக்கவும் செய்கிறது. இரும்பு மாத்திரையின் இடத்தை எந்த உருண்டையும் நிரப்பாது. இப்பண்டத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டி வெல்லமே. அமெரிக்க மூலத்திலோ சர்க்கரை ஐந்தில் இரண்டு பங்கை நெருங்குகிறது. நாளொன்றுக்கு ஒன்று போதும். தின்றபின் வாய் கொப்பளித்தல் வேண்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலையோ பெரிய துண்டுகளோ உள்ள பண்டத்தைக் கொடுக்கலாகாது. மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும் பொருள்களில் நிலக்கடலை முதன்மையானது. அவர்களுக்கெனில் கடலை முழுவதையும் விழுதாக அரைத்துக்கொள்ளவேண்டும். கடலை தின்றால் உடலில் தடிப்போ மூச்சுத் திணறலோ காணும் சிறுவர் எவரேனும் உளரா என்பதையும் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் அவசியம்.

வகுப்பில் செய்துகாட்டும் ஆசிரியர் பாகுப் பாத்திரத்தைத் தாமே கையாளவேண்டும். பாகு கொதிநீரைவிடச் சூடானது. தோலில் ஒட்டிக்கொண்டு வழியாமல் நிற்பதால் அதன் புண்ணும் ஆழமானது. தெறித்துவிட்டால் அவ்விடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டவேண்டும். மையோ, மாவோ, நெய்யோ தடவலாகாது. மாணவரைக் கடலை பொறுக்குதல், அவல் நொறுக்குதல், குளிர்ந்த நீர்க் கிண்ணத்தில் சொட்டைப் பார்த்தல் ஆகிய வேலைகளில் ஈடுபடுத்தலாம். பாகு கொதிக்கத் தொடங்கியது முதல் நிமிடத்துக்கு ஒரு சொட்டாகத் தனித்தனிக் கிண்ணங்களில் விட்டு வரிசையாக வைத்தால், கரையும் சொட்டும், நூலாகும் சொட்டும், உருளும் சொட்டும் மாணவர் கண்ணுக்குத் தாமே புலனாகும்.

ஆறிய பிஸ்கட்டுகளைக் காற்றுப் புகாத தகர டப்பாவில் இட்டுவைத்தால் இரண்டு வாரம் கெடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் வெல்லம் ஈரம் ஈர்த்துக் கசியும். அப்போது ஒரு வாரத்துக்குள் தீரும் அளவில் செய்தல் போதுமானது. பால் சேர்த்துச் செய்ததை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கவேண்டாம்.